பெரிய மாமாவின் இலை

சனிக்கிழமை காலையிலிருந்தே ருக்மணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கூடத்துக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். வாசலுக்கு ஓடித் தெருமுனையைப் பார்ப்பாள். மறுபடி கூடம், மறுபடி வாசல். நாலாவது தடவை குறுக்கே வந்தபோது அம்மா கையிலிருந்த தேங்காய்ப்பால் தளும்பிக் கீழே கொட்டியது. ஓர் இடத்தில் உட்கார மாட்டாயா என்று அம்மா கேட்டாள். உட்கார்ந்து பார்த்தாள். முடியவில்லை.

பத்து வயதுப் பெண்ணுக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம்தான்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் விழா. எட்டுப் பெண்கள் கோலாட்டம் ஆடுகிறார்கள். எட்டில் ருக்மணி ஒருத்தி. அவளுக்கு ஜோடி சீதா. பிள்ளைகள் மூன்று மணிக்கே வந்து, பச்சைப் பாவாடை கட்டித் தயாராக நிற்க வேண்டும் என்பது கமலவேணி டீச்சரின் உத்தரவு.

"மூணு மணிக்கு வராதவள் ஆட வேண்டாம். அவளோட ஜோடியும் ஆட வேண்டாம். மிச்சம் ஆறு பேரை வச்சு நான் நடத்திக்குவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். கமலவேணி டீச்சர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

அது 1957-ஆம் வருஷம், ஜூலை மாதம். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் ஏழு வாரம். இனிமேலாவது நம் ஜனங்கள் நேரத்துக்கு வரப் பழக வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்தால் ரோடு நன்றாகிவிடும், தண்ணீர் நன்றாக வரும், பஸ் நேரத்துக்கு ஓடும் என்று மலாக்கா முழுக்க ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்கிறவர்கள் சொல்வார்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ருக்மணிக்குத் தன்னைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. கவலையெல்லாம் சீதாவைப் பற்றித்தான். சீதாவின் அப்பா கப்பலில் வேலை செய்பவர். எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி கப்பல் ஏறிவிடுவார். மகள் ஆடுவதை அவர் பார்த்ததே இல்லை.

அப்படியானால் நேரத்தோடு கிளம்பிப் போக வேண்டியதுதானே? போக முடியாது. அன்றைக்குத்தான் வீட்டில் பர்ச்சு.

ருக்மணியின் அம்மா மீனாச்சி, காஜா பெராங்கில் காலகாலமாக இருக்கும் மலாக்காச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்கள் கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். பேசுவது மலாய். கட்டுவது சாரோங், மேலே கெபாயாச் சட்டை. அப்பா மருதமுத்து தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழர், பஸ் கண்டக்டர். அதனால் ருக்மணியும் அவள் தம்பி பிச்சையும் அப்பாவிடம் தமிழ் பேசுவார்கள், அம்மா வீட்டாரிடம் மலாய் பேசுவார்கள். சண்டை போடும்போது இரண்டும் வரும்.

பர்ச்சு என்பது இறந்துபோனவர்களுக்குச் சாப்பாடு படைக்கும் நாள். பொங்கலுக்கு முந்தின நாள் ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. வாழையிலையில் சோறும் கறியும் பலகாரமும் பழங்களும் வைத்து, சாம்பிராணி போட்டு, போனவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு வீட்டில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமே. அப்புறம் மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அதுவரை வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடக் கூடாது.

இந்தத் தடவை புதிதாக ஓர் இலை. அம்மாவின் மூத்த அண்ணன் ராஜரத்தினம் மாமா போன மாசியில் இறந்துபோனார். பிள்ளைகளுக்கு அவர் பெரிய மாமா. அவருக்கு இது முதல் பர்ச்சு. அதனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் படையல் என்று பேச்சு. அப்படி நடந்தால் ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்குக் கிளம்பலாம். ருக்மணி இப்படிக் கணக்குப் போட்டு, பாவாடையையும் கோலாட்டக் குச்சிகளையும் ஒரு துணிப்பையில் வைத்து, ஓடும்போது எடுக்க வசதியாகக் கூடத்துச் சன்னல் கம்பியில் மாட்டி வைத்தாள்.

அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பன்னிரண்டு என்று சொன்ன பெரியவர்களை அவள் நம்பிவிட்டாள்.

தெங்கேராவிலிருந்து காமாட்சி பெரியம்மா மட்டும் பேரனோடு பதினொரு மணிக்கே வந்து இறங்கினாள். அம்மாவுக்கு அக்கா. பர்ச்சு என்றால் அவள் வைத்ததுதான் சட்டம். உப்புக்கூட அவள் சொன்ன பக்கத்தில்தான் இலையில் விழ வேண்டும். வந்ததும் அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஓர் இலை கிழிந்திருக்கிறது என்று மூன்று இலையை மாற்றச் சொன்னாள்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றும் ஆயிற்று. செமாபோக்கிலிருந்து வரவேண்டிய தம்பி மாமாவைக் காணோம். அவர் பெயர்தான் தம்பி. வயது ஐம்பது. அவர்தான் டுரியான் பழம் கொண்டு வர வேண்டும். அண்ணனுக்குப் பிடித்த டுரியான் இல்லாமல் இலை போட மாட்டேன் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள்.

ருக்மணி சடை பின்னிக்கொண்டிருந்தபோது பிச்சை வந்து பக்கத்தில் நின்றான். ஐந்து வயது. ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்பான்.

"அக்கா, பெரிய மாமா எந்த வழியா வருவாரு?"

"கதவைச் சாத்தினதும் வருவாரு."

"நாம பார்க்கலாமா?"

"உள்ள இருந்தாத்தான் பார்க்க முடியும். நாமதான் வெளிய வந்துடுவோமே. போடா, என் ரிப்பன் எங்க?"

பிச்சை போகவில்லை. மாமாவுக்கு விரல் மடங்காதே, ரம்புத்தான் பழத்தை அவருக்கு யார் உரித்துக் கொடுப்பார் என்று கேட்டான். ருக்மணி ரிப்பனைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்தாள். அவன் கேட்டது அவள் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை.

தம்பி மாமா வரும்போது இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். தோளில் டுரியான் சாக்கு, பின்னால் அத்தையும் ஐந்து பிள்ளைகளும். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். மருதமுத்து வேலை செய்யும் கம்பெனி பஸ் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு குத்துக் குத்தினார். வேலைக்குப் போயிருந்த அப்பா அங்கே இல்லாததால் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரட்டும், பஸ் எல்லாம் சரியாகிவிடும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அப்புறம் அவசர அவசரமாக எல்லாம் நடந்தது. ஏழு இலை போட்டார்கள். நடு இலை பெரிய மாமாவுக்கு. சோறு, கோழிக் குழம்பு, மீன், பலகாரம், மாம்பழம், மங்குஸ்தீன், ஒரு குவியல் ரம்புத்தான், பிளந்த டுரியான், ஒரு கோப்பை கறுப்புக் காப்பி. பெரியம்மா சாம்பிராணி போட்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ராஜரத்தினம் என்ற பேரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பின்கதவை அம்மா தாழ் போட்டாள். எல்லோரும் முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. கதவு நிலையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் செருகினாள் பெரியம்மா. அந்த வீட்டில் அதுதான் வழக்கம். அந்தப் பத்தி எரிந்து முடியும் வரை உள்ளே இருப்பவர்களுக்கு நேரம்.

கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் ருக்மணிக்கு உறைத்தது. பை உள்ளே இருந்தது.

அம்மாவிடம் ஓடினாள். ஒரே ஒரு நிமிடம், கண்ணை மூடிக்கொண்டே போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா கூடாது என்று தலையை ஆட்டினாள். அப்பன் காலத்திலிருந்து அந்தக் கதவைப் பாதியில் யாரும் திறந்ததில்லை என்றாள். தம்பி மாமா பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "சாபார், ருக்மணி, சாபார்" என்றார். பொறுமையாக இரு என்று அர்த்தம். யாரால் இவ்வளவு தாமதமோ அவர் பொறுமையைப் பற்றிப் பேசினார்.

அவருடைய கைக்கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து. பள்ளிக்கூடம் ஓடினால் இருபது நிமிடம். ஊதுபத்தியோ நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது. ருக்மணி மெல்ல அதன் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கன்னத்தை உப்பி ஊதினாள். நுனி சிவந்தது. இன்னொரு தடவை ஊதினாள்.

"பெரிய மாமாவை விரட்டுறியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரியம்மா.

ருக்மணி மாமரத்தடிக்குப் போய் நின்றாள். நிற்க முடியாமல் மரத்தைச் சுற்றினாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

சின்னச் சத்தம்தான். பித்தளைத் தட்டில் எதுவோ விழுவதுபோல. டக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டக்.

தம்பி மாமா எழுந்து, பெஞ்சைக் கதவிலிருந்து நாலு அடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெரியம்மா கையைக் கூப்பிக்கொண்டாள். "அண்ணன் வந்துட்டாரு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தக் கண்ணில் தண்ணீரை ருக்மணி அதுவரை பார்த்ததில்லை.

மற்றவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருக்மணி வாசலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். தம்பி மாமாவின் பிள்ளைகள் ஐந்து பேர். பெரியம்மாவின் பேரன் ஒருவன். பிச்சை இல்லை.

உள்ளே இருந்தால்தான் பார்க்க முடியும். சொன்னது யார்? அவளேதான்.

யாரும் கவனிக்காமல் வீட்டின் பக்கவாட்டுக்கு ஓடினாள். சன்னலையும் தாழ் போட்டிருப்பார்கள் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். அது ஒருக்களித்துத்தான் சாத்தியிருந்தது. விரலால் தள்ளி உள்ளே பார்த்தாள்.

பிச்சை பெரிய மாமாவின் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மேசைத்துணிக்கு அடியில் ஒளிந்திருந்து வந்திருக்கிறான் என்பது தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைப் பார்த்தாலே தெரிந்தது. ரம்புத்தானை ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் கீறி, தோலைத் தட்டில் போட்டுவிட்டு, வெள்ளைப் பழத்தை இலையில் வைத்துக்கொண்டிருந்தான். டக். வரிசையாகப் பதினைந்து, இருபது பழம் இருக்கும்.

பெரிய மாமா வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கயிறு இழுத்து வலது கை விரல்கள் மரத்துப்போய், மடங்காமல் நின்றுவிட்டன. அவர் இருந்தவரை ரம்புத்தான் உரித்துக் கொடுப்பது பிச்சையின் வேலை. அதை அவன் யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டான்.

"பிச்சை, வெளிய வா" என்று கிசுகிசுத்தாள்.

அவன் திரும்பிப் பார்த்து வாயில் விரலை வைத்தான். "மாமா இன்னும் வரலக்கா. வந்தா பசிக்கும்ல."

பசி அவனுக்குத்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன். கையெல்லாம் ரம்புத்தான் சாறு வழிந்தது. அதை நக்கக்கூட இல்லை, சட்டையில் துடைத்துக்கொண்டான்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது. கம்பியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. ருக்மணி கையை நுழைத்துக் கழற்றி இழுத்தாள். குச்சிகள் கம்பியில் மாட்டிக்கொண்டு, அப்புறம் வெளியே வந்துவிட்டன. பை கைக்கு வந்துவிட்டது. இப்போது ஓடினால் சரியாக மூன்று மணி.

நாலு அடி ஓடினாள்.

ஐந்தாவது அடி வரவில்லை. பத்தி முடிந்ததும் பெரியம்மா கதவைத் திறப்பாள். அண்ணன் வந்துவிட்டார் என்று கண்ணீரோடு உள்ளே போகிறவள், சாறு வழிய உட்கார்ந்திருக்கும் பிச்சையைப் பார்ப்பாள். அந்த வீட்டில் பிரம்பு கதவுக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. அவன் ஏன் உள்ளே போனான் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் பக்கம் சீதா. இந்தப் பக்கம் பிச்சை. ருக்மணிக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாததால் விழுங்கிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

அவள் கையிலிருந்த பையைத்தான் பெரியம்மா முதலில் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. கதவைத் திறந்தாயா என்று கேட்டாள். அம்மா எழுந்துவிட்டாள். தம்பி மாமாகூடச் சாபார் சொல்லவில்லை.

ருக்மணி போய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் திறக்கல பெரியம்மா. சன்னல் வழியா எடுத்தேன். உள்ள பிச்சை இருக்கான். உள்ள இருந்தாத்தான் மாமாவைப் பார்க்க முடியும்னு நான்தான் சொன்னேன். அவன் நம்பிட்டான். அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்க. ஆனா சீக்கிரம் அடிங்க, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

உள்ளேயிருந்து மறுபடி டக் என்றது.

பெரியம்மா அவளைத் தள்ளவில்லை. தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தினாள். ஊதுபத்தி இன்னும் இரண்டு அங்குலம் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி மூன்று தடவை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

பிச்சை நிமிர்ந்து பார்த்தான். கதவு நிறையச் சொந்தக்காரர்கள். அவர்களுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான், மாமா நிற்கிறாரா என்று. பிறகுதான் அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"எத்தனை தின்னே?" என்று பெரியம்மா கேட்டாள்.

"ஒண்ணும் தின்னல. மாமா சாப்பிட்டாத்தான நமக்கு."

பெரியம்மா இலையைப் பார்த்தாள். தோல் குவிந்த தட்டைப் பார்த்தாள். பிச்சையின் சிவந்துபோன நகங்களைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா அப்படி வெறுந்தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தம்பி மாமா தொண்டையைக் கனைத்தார். இலையை எடுத்துவிட்டு மறுபடி சோறு வடித்துப் புதிதாகப் படைக்க வேண்டுமா என்று கேட்டார். வடிப்பதென்றால் இன்னும் ஒரு மணி நேரம். அம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"எதுக்கு?" என்றாள் பெரியம்மா. "அண்ணன் இருந்தப்ப நான் ஒருநாளும் அவருக்கு உரிச்சுக் கொடுத்ததில்ல. கை விளங்காத மனுஷன் தானே உரிச்சுச் சாப்பிடட்டும்னு தட்டை வச்சிட்டுப் போயிருக்கேன். இன்னைக்கு அவர் நிம்மதியாத்தான் சாப்பிட்டிருப்பாரு."

வரிசையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிச்சையின் வாயில் வைத்தாள். அழத் திறந்திருந்த வாய் அதை வாங்கிக்கொண்டு மூடிவிட்டது.

அப்புறம் திரும்பி ருக்மணியைப் பார்த்தாள். "நீ என்ன இன்னும் நின்னுகிட்டு இருக்கே? ஓடு."

ஓடினாள் பாருங்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் அப்பாவின் பஸ் வந்தது. படியில் நின்ற அப்பா மகளைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினார். பஸ் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது ஓடிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பள்ளிவாசலைத் தாண்டும்போது விலாவில் குத்தியது. நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது மூன்றே கால் தாண்டிவிட்டது.

வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் சீதா உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பாவாடை, தலை நிறையப் பூ, கண் நிறையத் தண்ணீர். ருக்மணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே ஆறு பெண்களை வைத்து டீச்சர் வட்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ருக்மணி மூச்சு வாங்கியபடி அவர் முன்னால் போய் நின்றாள். டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார். மூன்று மணி என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டார்.

சொன்னீர்கள் என்று ஒப்புக்கொண்டாள். ஏன் தாமதம் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லும்படியான கதை இல்லை அது.

"தப்பு என் மேலதான் டீச்சர். தண்டனை கொடுங்க. ஆனா சீதா ரெண்டேமுக்காலுக்கே வந்திருப்பா. அவங்க அப்பா திங்கட்கிழமை கப்பலுக்குப் போயிடுவாரு. அவ ஆடணும்."

"ஜோடி இல்லாம எப்படி ஆடுவா?"

"அதான் டீச்சர். அவ ஆடணும்னா நான் ஆடணும். தண்டனையை ஆட்டம் முடிஞ்சப்புறம் கொடுங்க. எவ்வளவு பெரிசா இருந்தாலும் சரி."

ஆறு பெண்களும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"வெளிய இருநூறு நாற்காலி போட்டிருக்கு, பார்த்தியா? விழா முடிஞ்சதும் அத்தனையையும் நீதான் மடக்கி அடுக்கணும்."

"சரி டீச்சர்."

"அப்ப ஏன் இங்க நிக்கிறே? பாவாடையைக் கட்டு."

ருக்மணி படிக்கட்டுக்கு ஓடிச் சீதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். எங்கே போய்த் தொலைந்தாய் என்று சீதா முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையோடு, கோணலாகியிருந்த ருக்மணியின் ரிப்பனைச் சரிசெய்து கட்டிவிட்டாள்.

கோலாட்டம் நன்றாகவே நடந்தது. இரண்டாவது சுற்றில் ஒருத்தியின் குச்சி கை நழுவிப் பறந்தது. அது ருக்மணி இல்லை, சீதாவும் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீதாவின் அப்பா, குச்சிகள் மோதும்போதெல்லாம் தொடையில் தாளம் போட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையிலும் போட்டார்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது கூட்டத்தில் சிலர் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள். டுரியான் வாசம். வாசலில் காமாட்சி பெரியம்மா, அம்மா, சாக்கோடு தம்பி மாமா, அத்தை, ஐந்து பிள்ளைகள், பெரியம்மாவின் பேரன், அம்மா இடுப்பில் பிச்சை, கடைசியில் கண்டக்டர் சட்டையோடு அப்பா. சாப்பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பியும் நேரத்துக்கு வர முடியவில்லை. சாக்கை வெளியே வைத்தால்தான் உள்ளே விடுவேன் என்று காவலாளி சொல்லிவிட்டான். அதில் கொஞ்ச நேரம் போயிற்று.

தலைவர் பேசினார். இன்னொரு தலைவர் பேசினார். சுதந்திர நாட்டின் பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்றாவது தலைவரும் பேசினார். எல்லாம் ஒருவழியாக முடிந்து கூட்டம் கலைந்தபோது வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ருக்மணி முதல் நாற்காலியை மடக்கினாள். மரநாற்காலி, நல்ல கனம். இரண்டாவதை மடக்கினாள். திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக நின்றன.

சீதா வந்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசையில் ஆரம்பித்தாள்.

என்ன நடக்கிறது என்று பெரியம்மா கேட்டாள். விவரம் தெரிந்ததும் டீச்சரிடம் பேசப் புறப்பட்டாள். ருக்மணி குறுக்கே போய் நின்று, நானாக ஒத்துக்கொண்டேன் பெரியம்மா, சண்டை வேண்டாம் என்றாள். பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு நாற்காலியை மடக்கினாள். அவள் மடக்கிய பிறகு மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா?

சத்தம் கேட்டு வெளியே வந்த கமலவேணி டீச்சர் திகைத்துப்போனார். நீதான் மடக்க வேண்டும் என்றல்லவா சொன்னேன் என்று ருக்மணியைக் கேட்டார்.

தம்பி மாமா கையில் இரண்டு நாற்காலியோடு முன்னால் வந்தார். தெரிந்த அரைகுறைத் தமிழைத் தேடிப் பிடித்தார்.

"டீச்சர், லேட்டு இவ இல்ல. லேட்டு நான். எங்க வீடு எல்லாம் லேட்டு. அதனால எல்லாருக்கும் தண்டனை."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். பாதிதான் அடங்கியது.

இருநூறு நாற்காலி அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சரியாகச் சொன்னால் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கடைசி நாற்காலியில் பிச்சை காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான். அதையும் மடக்கச் சொல்லிக் கமலவேணி டீச்சர்கூடக் கேட்கவில்லை.